கிராமத்து நிலத்தில் வீடு: கடைக்கால் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிலம் வாங்கி வீடு கட்டப் போகிறீர்களா? கொத்தனாரைத் தேடிப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நகரத்து மனையில் தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பம், தெரு எல்லாம் வாசலுக்கே வந்து நிற்கும். வெற்று நிலத்தில் அவை ஒவ்வொன்றையும் நாம்தான் கொண்டுவர வேண்டும். எதை முதலில், எதைப் பிறகு என்ற வரிசை தவறினால் செய்த வேலையை இடித்துவிட்டுத் திரும்பச் செய்ய நேரும்.

எனக்கு அதுதான் நடந்தது. நிலம் கைக்கு வந்த மாதமே பொக்லைன் வரவழைத்தேன். நல்ல கோடை. நிலம் காய்ந்து கிடந்தது, இயந்திரம் சுலபமாக ஓடியது, மூன்றே நாளில் பார்க்க அழகாகச் சமமாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மழை வந்த பிறகுதான், வீட்டுக்கென்று நான் குறித்த இடத்தில் தண்ணீர் தேங்குவதையும், கழிவுநீர் இறங்க வேண்டிய இடத்தை இயந்திரமே மிதித்துக் கெட்டியாக்கிவிட்டதையும் பார்த்தேன். மேல்மண் முழுவதும் எங்கோ அடியில் போய்விட்டிருந்தது. வீட்டின் இடத்தை மாற்றி, வரைபடத்தை மாற்றி, அனுமதிக்கு மறுபடி விண்ணப்பித்து, கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு எங்கே வரும் என்பதை நீங்கள் முடிவு செய்வதற்கு முன், மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: மழைநீர் எந்த வழியாகப் போகிறது, கழிவுநீர் எங்கே இறங்கும், வண்டி எப்படி உள்ளே வரும். மண் அள்ளும் இயந்திரம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

1. பத்திரம் கையில் இருந்தாலும் எல்லையை அளந்து பாருங்கள்

பத்திரத்தில் எழுதிய அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வரப்பும் வேலியும் காலப்போக்கில் நகரும். பக்கத்து நிலத்துக்காரர் ஏமாற்றினார் என்று பொருளில்லை. தலைமுறை தலைமுறையாக உழுது உழுது இரண்டு அடி இந்தப் பக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, மூலைகளில் கல் ஊன்றி, அவர் கையெழுத்திட்ட வரைபடத்தை வாங்கி வையுங்கள். அளக்கும் நாளில் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் உடன் நிற்கட்டும். அன்றைக்கு வாய்ப்பேச்சில் தீர்கிற விஷயம், சுவர் எழும்பிய பிறகு வழக்காகிவிடும்.

அந்த வரைபடத்தில் எல்லை மட்டும் போதாது. மேடு பள்ளங்களின் உயரக் கோடுகள், நிலத்தைக் கடக்கும் மின்கம்பிகள், பூமிக்கு அடியில் போகும் குழாய்கள், கிணறு, பெரிய மரங்கள் எல்லாவற்றையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே நாளில் சேர்த்துச் செய்தால் கூடுதல் செலவு குறைவு. பின்னால் தனியாக வரவழைத்தால் முழுக் கூலியையும் இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வழி. பலரும் ஏமாறும் இடம் இது. இன்றைக்கு அடுத்தவர் நிலத்தின் ஓரமாக வண்டி போய்வருகிறது என்பதால் அது உங்களுக்கு உரிமையாகிவிடாது. அவர் நல்லவராக இருக்கலாம். நாளைக்கு அந்த நிலத்தை விற்றுவிட்டால் வாங்குபவர் வேலி போடலாம். பொதுச்சாலையில் இருந்து உங்கள் எல்லைவரை வரும் பாதை பொதுப்பாதையா, அல்லது வழிப்பாத்தியம் (அடுத்தவர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமை) பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் அகலம் எவ்வளவு, கனரக வண்டி போகலாமா, குழாயும் கேபிளும் அதன் அடியில் பதிக்கலாமா என்பதையும் வரி வரியாகப் படியுங்கள். நடந்துபோகும் உரிமையை வைத்துக்கொண்டு செங்கல் லாரியைக் கொண்டுவர முடியாது.

நிலம் வாங்கும்போதே கோப்பில் சேர வேண்டியவை: மூலப்பத்திரங்களின் தொடர்ச்சி, வில்லங்கம் இல்லை என்பதற்கான சான்று, நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற பதிவு, அளவை வரைபடம், வழி உரிமைக்கான ஆவணம். இதில் நிலத்தின் வகை என்பதை அலட்சியமாக விடாதீர்கள். விவசாய நிலம் என்று பதிவாகியிருந்தால் வீடு கட்டுவதற்குத் தனி அனுமதியோ வகை மாற்றமோ தேவைப்படலாம். சாலை, எல்லை, ஓடை ஆகியவற்றில் இருந்து எத்தனை அடி விட்டுக் கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருவர் வாயால் சொன்னதை அடுத்து வருபவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

2. ஒரு மழைக்காலமாவது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்

இந்தப் படிக்குப் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. அதனால்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டினேன்.

பெருமழை பெய்யும்போதே குடையோடு நிலத்துக்குப் போங்கள். மழை விட்ட பிறகு போனால் பாதிதான் தெரியும். மேலே இருக்கும் நிலத்தில் இருந்து தண்ணீர் எந்த மூலையில் உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எங்கே சுழன்று நிற்கிறது என்று பார்த்து, அந்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். மறுநாள் போய், எது வடிந்தது, எது வடியவில்லை என்று பாருங்கள். மூன்று நாள் கழித்தும் ஈரம் விடாத இடம் இருந்தால் அங்கே வீடும் வேண்டாம், கழிவுநீர்க் குழியும் வேண்டாம்.

எங்கள் நிலத்தை ஒட்டி வெகுகாலமாகப் பயிர் செய்யும் பெரியவர் ஒருவர், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் வரப்பில் வந்து நின்றார். "தம்பி, அந்த மூலையில வீடு வேண்டாம். அது வாரி ஓடுன இடம்" என்றார். வாரி என்றால் மழைநீர் ஓடும் தடம். எனக்கு அங்கே அப்படி எதுவும் தெரியவில்லை. புல்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு வேலையைத் தொடரச் சொன்னேன். அடுத்த மழையில் அவர் கைகாட்டிய அதே கோட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது: அந்தக் கோட்டில் மட்டும் புல் வேறு வகை, மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருந்தது. நிலமே சொல்லிக்கொண்டிருந்ததை நான் படிக்கவில்லை. நிலத்தைச் சுற்றி இருப்பவர்களிடம் முதலிலேயே போய்ப் பேசுங்கள். பழைய கிணற்றை மூடிய இடம், மண் எடுத்த பள்ளத்தில் குப்பை கொட்டி நிரப்பிய இடம், இதெல்லாம் எந்த ஆவணத்திலும் இருக்காது, அவர்களுக்குத்தான் தெரியும்.

அருகில் ஆறோ ஏரியோ ஓடையோ இருந்தால் வெள்ள வரைபடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 'நூறு ஆண்டு வெள்ளம்' என்ற சொல்லைக் கேட்டு, நம் காலத்தில் வராது என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருடம் ஒரு வீட்டில் குடியிருந்தால், அந்தக் காலத்துக்குள் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்.

3. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

மேலே தெரியும் மண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. வீடு வரலாம் என்று நினைக்கும் இரண்டு மூன்று இடங்களில் ஆறடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். இடுப்பளவைத் தாண்டிய குழிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். பக்கம் சரிந்தால் வெளியே வர முடியாது. மேலே நின்றே பார்க்கலாம். மண்ணை வாளியில் எடுத்து ஆராயலாம்.

குழியின் சுவரில் சாம்பல் நிறமும் துரு நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால், வருடத்தில் சில மாதம் நிலத்தடி நீர் அந்த உயரம்வரை ஏறுகிறது என்று அறிகுறி. கோடையில் குழி காய்ந்திருந்தாலும் அந்தத் திட்டு பொய் சொல்லாது.

களிமண் எவ்வளவு என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் மூன்று அடுக்குகளையும் அளவுகோல் வைத்து அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். களிமண் அடுக்கு தடிமனாக இருந்தால் எச்சரிக்கையாகுங்கள். சில களிமண், கரிசலைப் போல, ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவர் விரிசல் விடும்.

ஜாடிச் சோதனை நம் அறிவுக்குத்தான். கடைக்கால் வடிவமைப்புக்கு மண் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை கட்டாயம் வேண்டும். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்குபவர்கள் நிறையப் பேர். விரிசல் விட்ட கடைக்காலைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. அறிக்கை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம், ஆகையால் அளவை முடிந்த கையோடு இதற்குச் சொல்லிவிடுங்கள்.

4. கழிவுநீருக்கு இடம் ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு இடம் பாருங்கள்

இது தலைகீழாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில், உங்கள் வீட்டுக் கழிவுநீர் முழுவதும் உங்கள் நிலத்துக்குள்தான் இறங்க வேண்டும். செப்டிக் டேங்க் கசடைத்தான் நிறுத்தும். தெளிந்து வெளியே வரும் நீரை வாங்கிச் சுத்தம் செய்வது மண். அதற்கு ஏற்ற மண் நிலம் முழுக்க இருக்காது. சில நிலங்களில் ஒரே ஒரு மூலையில்தான் இருக்கும். அந்த மூலையில் வீட்டைக் கட்டிவிட்டால் பிறகு வழியே இல்லை.

மண் நீரை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். கழிவுநீரை மண்ணுக்குள் விடும் குழாயைப் பதிக்கப்போகும் ஆழத்துக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று அடி, ஓரடி அகலத்தில் குழி தோண்டுங்கள். மண்வெட்டி பட்டுப் பக்கச் சுவர் மொழுமொழுவென்று ஆகியிருக்கும். அதைக் கத்தியாலோ ஆணியாலோ கீறிவிடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் சிறு ஜல்லி போடுங்கள். முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இந்த ஊறலைத் தவிர்த்தால் காய்ந்த மண் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தப்பான கணக்கைத் தரும். மறுநாள் ஜல்லிக்கு மேல் ஆறு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, அங்குலக் குறியிட்ட குச்சி ஒன்றைச் செருகி, அரை மணிக்கு ஒரு தரம் எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். இறங்கும் வேகம் ஒரே சீராக வரும்வரை தொடருங்கள்.

ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. பொதுவாக 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் சாதாரண அமைப்பு அங்கே சரிவராது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும் ஆபத்துதான்; கழிவுநீர் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடி நீரில் போய்ச் சேரும்.

நான் இரண்டு இடத்தில் ஒரே நாளில் இந்தச் சோதனையைச் செய்தேன். மரங்களுக்கு இடையே இயந்திரம் போகாத இடத்தில் இருபது நிமிடத்தில் ஓர் அங்குலம் இறங்கியது. இயந்திரம் மூன்று நாளும் திரும்பித் திரும்பி ஓடிய இடத்தில், மாலையில் ஊற்றிய தண்ணீர் காலையிலும் அப்படியே நின்றது. குழிக்குள் குனிந்தால் என் முகம் தெரிந்தது. இரண்டு குழிக்கும் நடுவே நாற்பது அடிகூட இல்லை. முன்பு இரண்டும் ஒரே மண்தான். எடை ஏறி இறுகிய மண்ணை அவ்வளவு எளிதில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே இடம் முடிவானவுடன் நான்கு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். அதற்குள் லாரி, ஜல்லிக் குவியல், செங்கல் அடுக்கு எதுவும் வரக்கூடாது என்று வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். அதே அளவுக்கு இன்னொரு இடத்தையும் மாற்றாக ஒதுக்குங்கள். முதல் பரப்பு ஒரு காலத்தில் அடைத்துக்கொண்டால் அது கைகொடுக்கும்.

கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே குறைந்தது 50 அடி, கழிவுநீர் இறங்கும் பரப்புக்கும் கிணற்றுக்கும் 100 அடி என்பது பல இடங்களில் கடைப்பிடிக்கப்படும் அளவு. உங்கள் பகுதி விதி இதைவிடக் குறைவாக இருந்தாலும் இடம் இருந்தால் இதையே வையுங்கள். பக்கத்து நிலத்துக் கிணற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். கழிவுநீர் இறங்கும் இடம் கிணற்றைவிடத் தாழ்வில் இருக்கட்டும். வீட்டைவிடவும் தாழ்வில் இருந்தால் தானாகவே வடிந்து போகும். எனக்கு மிஞ்சிய நல்ல மண் மேட்டில் இருந்தது. அதனால் ஒரு பம்பு, அதற்கு மின்சாரம், அது பழுதானால் என்ன செய்வது என்ற கவலை எல்லாம் கூடவே வந்தன.

அனுமதிக்கு, தகுதி பெற்றவர் செய்த சோதனை அறிக்கையைத்தான் கேட்பார்கள். சில இடங்களில் ஈரமான பருவத்தில் செய்ததை மட்டுமே ஏற்பார்கள். பருவம் தப்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை நாள்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

5. குடிநீர்

போர் போட்டுத் தண்ணீர் கண்ட பிறகுதான் வீட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கட்டுமானத்துக்கே நிறையத் தண்ணீர் தேவை. சுவர் எழும்பிய பிறகு போர் வண்டி உள்ளே வர இடமும் இருக்காது.

ஒப்பந்தம் பேசும்போது ஆழத்துக்கு ஒரு விலை, உள்ளே இறக்கும் குழாய்க்கு ஒரு விலை, பாறை வந்தால் ஒரு விலை, தண்ணீர் வராவிட்டால் என்ன என்று நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தை விசாரித்தால் ஒரு மதிப்பு கிடைக்கும். அதைவிடக் கூடுதலாகப் பணம் ஒதுக்குங்கள்.

ஊற்று குறைவு என்றால் மனம் விட்டுவிட வேண்டாம். நிமிடத்துக்கு 2 லிட்டர் தரும் கிணறுகூட ஒரு நாளில் 2,880 லிட்டர் தரும். ஒருவருக்கு நாளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு 400 லிட்டர்தான். மெதுவாக ஏற்றிச் சேமிக்கப் பெரிய தொட்டி இருந்தால் போதும். கூடவே மழைநீரையும் கணக்கில் எடுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 9,300 லிட்டர். வழிதலையும் ஆவியாவதையும் கழித்தாலும் நல்ல அளவு மிஞ்சும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காகக் குடித்துவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் கோலிஃபார்ம் கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம் தாண்டக்கூடாது. இவற்றில் ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது.

6. மின்சாரம்

இதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சீக்கிரம் விண்ணப்பிப்பது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, இணைப்புத் தர ஆகும் காலம் உங்கள் கையில் இல்லை. கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பும் வீட்டுக்கான நிரந்தர இணைப்பும் வேறு வேறு கட்டணத்தில் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அருகில் உள்ள கம்பத்தில் இருந்து வீடுவரை உள்ள தூரத்தை அளந்து சொல்லி, மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தூரம் கூடினால் கம்பியில் மின்னழுத்தம் இறங்கும். அதை ஈடுகட்டத் தடிமனான கேபிள் வேண்டும், செலவு ஏறும்.

இந்த இடத்தில் ஒரு பேச்சு. சாலையில் இருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி வீடு கட்டினால் அமைதியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் உள்ள ஆசை. ஒவ்வொரு அடி உள்ளே போகும்போதும் பாதைக்கு ஓர் அடி, கேபிளுக்கு ஓர் அடி, சில சமயம் தண்ணீர்க் குழாய்க்கும் ஓர் அடி என்று மும்மடங்காகப் பணம் கொடுக்கிறீர்கள். மரம் வைத்தும் அமைதியைக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம்.

7. வண்டி வரும் பாதை

காரை ஓட்டிப் பார்த்து, பாதை போதும் என்று சொல்லாதீர்கள். கான்கிரீட் நிரப்பிய கலவை லாரி 25 டன்னுக்கு மேல் எடையிருக்கும். அது வந்து திரும்பிப் போக இடம் வேண்டும். 12 அடி அகலம் இருந்தால் வசதி. மேலே தாழ்ந்து தொங்கும் கம்பியோ கிளையோ இருக்கக்கூடாது. தீயணைப்பு வண்டி வர என்ன அகலமும் உயரமும் கேட்கிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது அனுமதிக்கே நிபந்தனை.

மேல்மண்ணை எடுத்துவிட்டு, அடியில் களிமண் என்றால் அதற்கென்று விற்கும் துணி விரிப்பை இட்டு, அதன்மேல் பெரிய ஜல்லி, பிறகு சிறிய ஜல்லி என்று போட்டு இறுக்க வேண்டும். துணி இல்லையென்றால் ஜல்லி மெல்ல மெல்லச் சேற்றுக்குள் இறங்கிவிடும். நான் முதல் மழைக்குப் பிறகு இரண்டாம் தடவை ஜல்லி இறக்கியது அதனால்தான். நடுவில் சற்று மேடாகவும் இரு ஓரமும் சரிவாகவும் இருந்தால் தண்ணீர் நிற்காது. ஓடையோ வாய்க்காலோ குறுக்கே வந்தால் குழாய்ப் பாலம் வேண்டும். பொதுச்சாலையோரத்தில் அதை வைப்பதற்குத் தனி அனுமதி கேட்பார்கள். மேல் அடுக்கை மட்டும் கட்டுமானம் முடிந்த பிறகு போடுங்கள். லாரிகள் போய்வந்து கெடுப்பதற்காக நல்ல ஜல்லியை முன்கூட்டியே கொட்ட வேண்டாம்.

8. மரமும் மேல்மண்ணும்

எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டுப் பிறகு யோசிக்காதீர்கள். எந்த மரம் இருக்கட்டும், எது போகட்டும் என்று ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறத்தில் துணி கட்டுங்கள். வெட்ட அனுமதி தேவையா என்றும் பாருங்கள். வைத்துக்கொள்ளும் மரத்தின் தண்டு எத்தனை அங்குலக் குறுக்களவோ அத்தனை அடி ஆரத்துக்கு வேர்ப்பரப்பு உண்டு என்று ஒரு கணக்கு இருக்கிறது. தண்டு 20 அங்குலம் என்றால் சுற்றிலும் 20 அடி. அதற்குள் மண்ணைக் கொட்டவோ வெட்டவோ இறுக்கவோ கூடாது. மரம் அன்றைக்குச் சாகாது. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பட்டுப்போகும்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் புதைத்துவிடலாம் என்று இயந்திரக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மக்கி, மேலே உள்ள தரை உள்வாங்கும். களிமண் நிலத்தில் இன்னொன்றும் உண்டு: பெரிய மரத்தை எடுத்த பிறகு, அது இழுத்துக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்குவதால் மண் சில வருடங்களுக்கு உப்பிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் வீடு வரப்போகிறது என்றால் பொறியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மேல்மண் என்பது ஆறு முதல் எட்டு அங்குலம்தான். அதில்தான் உயிர் இருக்கிறது. வீடும் பாதையும் வரும் பரப்பில் மட்டும் அதைத் தனியாகச் சுரண்டி, ஆறடி உயரத்துக்கு மேல் போகாமல் ஓரிடத்தில் குவித்து, மேலே புல்லோ பயறோ விதைத்து வையுங்கள். கட்டி முடித்த பிறகு தோட்டத்துக்கு அதுவே போதும். 30 அடிக்கு 40 அடிப் பரப்பில் 8 அங்குலம் எடுத்தால் 800 கன அடி. தோண்டிய மண் கால்பங்கு அளவு உப்பும் என்று வைத்தால் 1,000 கன அடிக்குக் குவிக்க இடம் வேண்டும். இடத்தை முன்பே காட்டாவிட்டால் கழிவுநீருக்காகக் கயிறு கட்டிய இடத்திலேயே கொட்டிவிடுவார்கள். அங்கேதான் காலியாக இருக்கும் அல்லவா.

9. இப்போது சமப்படுத்துங்கள்

காய்ந்த பருவத்தில், ஆனால் மண் புழுதியாகப் போகாத ஈரத்தில் செய்ய வேண்டும். வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தரை வெளிநோக்கிச் சரிய வேண்டும். முதல் பத்தடிக்குள் ஆறு அங்குலம் இறங்கினால் நல்லது. மேட்டில் இருந்து வரும் தண்ணீரை வீட்டுக்கு வருமுன் மடக்கி, அது முன்பு வெளியேறிய அதே இடத்தில் வெளியேற்றுங்கள். அடுத்தவர் நிலத்தில் புதிதாகத் திருப்பிவிட்டால் சண்டையும் வரும், சட்டமும் வரும்.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒளி ஊடுருவும் நீளக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு குச்சியில் கட்டினால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒப்பந்தக்காரர் "சரிவு சரியா இருக்கு" என்று சொன்னபோதெல்லாம் நான் இதை வைத்துத்தான் பார்த்தேன். இரண்டு இடத்தில் வீட்டை நோக்கியே சரிந்திருந்தது.

பள்ளத்தை நிரப்ப வேண்டியிருந்தால் மொத்தமாகக் கொட்டி மேலே ஓட்டினால் போதாது. ஆறு முதல் எட்டு அங்குல அடுக்காகப் போட்டு, அளவான ஈரத்தில் ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டோ உருளை விட்டோ இறுக்க வேண்டும். கடைக்கால் வரும் இடம் என்றால் இறுக்கம் போதுமா என்று சோதித்த அறிக்கை கேளுங்கள். இறுக்காத மண் பல வருடங்களுக்கு உட்கார்ந்துகொண்டே போகும். முடிந்தால் வீட்டை, மண் நிரப்பிய பக்கத்தில் இல்லாமல், மேட்டை வெட்டிய பக்கத்திலேயே, அசையாத மண்ணில் வையுங்கள்.

கூலி பேசும்போது மணிக்கணக்கா, அளவுக்கணக்கா என்று தெளிவாக்குங்கள். மணிக்கணக்கு என்றால் இயந்திரம் வந்து இறங்கும் செலவு, டீசல், காத்திருக்கும் நேரம் யார் தலையில் என்பதையும் எழுதுங்கள். அன்றன்றைக்கு ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் இருவர் கையெழுத்தோடு ஒரு நோட்டில் இருக்கட்டும். நிலத் தயாரிப்புக்கு என்று ஒதுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பாறையோ பழைய கிணறோ தட்டுப்படும்போது அது தேவைப்படும்.

குழாய், கேபிள் பதித்த பள்ளங்களை மூடுவதற்கு முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல் இரண்டில் இருந்து தூரம் அளந்து வரைபடத்தில் எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்துக் குழாய் கசிந்தால் முற்றம் முழுவதையும் தோண்ட வேண்டியிருக்காது.

10. கடைசியாக, வீட்டைத் தரையில் வரையுங்கள்

கொத்தனார் வருவதற்கு முன் நீங்களே முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். மூலை நேராக இருக்க, ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து குறியிட்டால் இரண்டு குறிக்கும் இடையே சரியாக 10 அடி வர வேண்டும். நான்கு மூலையும் முடிந்ததும் குறுக்கே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கயிற்றுக்குள் ஒரு காலையும் ஒரு மதியமும் ஒரு மாலையும் நாற்காலி போட்டு உட்காருங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, சமையலறை ஜன்னலில் என்ன தெரியும் என்பதெல்லாம் அப்போது தெரியும். இந்த நிலையில் வீட்டை நான்கடி நகர்த்துவது நான்கு முளையைப் பிடுங்கி நடும் வேலை மட்டும். ஆனால் நகர்த்தினால் எல்லையில் இருந்தும் கழிவுநீர்ப் பரப்பில் இருந்தும் உள்ள தூரத்தை மறுபடி அளந்து, அனுமதி வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடம் உறுதியானதும் ஒவ்வொரு மூலையில் இருந்தும் ஆறடி வெளியே தள்ளி இன்னொரு முளை வரிசையை ஆழமாக அடித்து, வண்ணம் பூசி வையுங்கள். கடைக்கால் தோண்டும்போது உள்முளைகள் எல்லாம் போய்விடும். வெளிமுளையில் கயிற்றைக் கட்டித்தான் மறுபடி கோடு எடுக்க வேண்டும்.